மைலுக்கும் ஒரு கணக்கு நோட்டு

எங்கள் ஊரான திருவக்கரையில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோதான் வரும். பெற்ற அம்மாவைக் கேட்டால் ஐப்பசி அடைமழை என்பார், இல்லாவிட்டால் தீமிதி முடிந்த மறுநாள் என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிரம்புகிற மாதிரி வாத்தியார் கணக்குப் போட்டு எழுதிய தேதி அது. அந்தத் தேதி டி.சி.யில் ஏறி, பாஸ்போர்ட்டில் ஏறி, துபாய் விசாவில் ஏறி, கடைசியில் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் 'ஸ்கைவார்ட்ஸ்' கணக்கிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தக் கணக்கில் சேரும் மைல்களுக்கு ஆயுள் மூன்று வருடம். மூன்று வருடம் முடிந்து, உங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் அவை காலாவதியாகும். ஆக, திருவக்கரைக்காரர்களின் மைல்கள் மே 31-ஆம் தேதியும் ஜூன் 30-ஆம் தேதியும் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. வாத்தியாரின் பேனாவுக்கு இப்படி ஒரு பின்விளைவு இருக்கும் என்று யார் கண்டது?

வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா எடுத்துத் தருவது, கரன்ட் பில் கட்டுவது, அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுவது என்று ஆன்லைன் வேலை எல்லாம் உண்டு. பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூட்டம் வரும்போது கடை, போன் சார்ஜ் போடுகிற இடமாக மாறிவிடும். தேசியக் கல்மரப் பூங்காவைப் பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் பிராஜெக்ட் பிரின்ட் எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் குவாரி, கிரஷர், டிப்பர் லாரி, புழுதி.

இதற்கு நடுவில் வெளிநாடு போகிறவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ இருக்கிற ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிக்கெட்டை நீட்டி, "யக்கா, ரெண்டு காப்பி போடு, ஒண்ணு ஆயாகிட்ட குடுத்துட்டுப் போணும்" என்பார்கள். தாள் மெஷினிலிருந்து வெளியே வந்ததும், பயணியின் பெயருக்குப் பக்கத்தில் உறுப்பினர் எண் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் அந்த இடம் காலியாக இருக்கும்.

அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. யார் வேண்டுமானாலும் எந்த விலைக்கும் டிக்கெட் விற்கலாம் என்றானதும் பயணிகள் இன்று இந்தக் கம்பெனி, நாளை அந்தக் கம்பெனி என்று தாவத் தொடங்கினார்கள். தாவாமல் பிடித்து வைக்க ஒரு வழி தேவைப்பட்டது. டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்ற சின்ன நிறுவனம் 1979-இல் ஒரு முயற்சி செய்தது. 1981 மே 1-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'அட்வான்டேஜ்' திட்டத்தைக் கொண்டுவந்தது. எங்களோடு எத்தனை மைல் பறந்தீர்களோ அத்தனை மைலை உங்கள் பேரில் எழுதி வைக்கிறோம், சேர்ந்ததும் அதற்கு ஈடாக ஒரு டிக்கெட் தருகிறோம் என்பதுதான் ஏற்பாடு. சில நாட்களில் யுனைடெட்டும் இறங்கியது. இன்று பெரிய விமான நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. நம் நாட்டில் எல்லாரையும்விட அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ மட்டும் நெடுங்காலம் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளாமல் இருந்தது. அதுவும் 2024-இல் 'ப்ளூசிப்' என்று தொடங்கிவிட்டது.

சேர்வதற்குச் சந்தா கிடையாது. பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி, மின்னஞ்சல், போன் நம்பர், அவ்வளவுதான். டிக்கெட் போடும்போது அந்த எண்ணைச் சேர்த்துப் போட்டால் பறந்து முடிந்த சில நாளில் மைல் கணக்கில் ஏறும். டிக்கெட் காசை யார் கட்டினாலும் மைல் பறக்கிறவருக்குத்தான். இதை நான் சொன்னால் பலரும் நம்புவதில்லை. "கம்பெனி போட்ட டிக்கெட்டு, நாம கேட்டா தப்பா நெனைப்பாங்க" என்று தயங்குவார்கள். கம்பெனிக்காரருக்கு இதில் கொடுக்கவோ இழக்கவோ ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து துபாய் சுமார் 1,800 மைல். சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே தூரம்தான். மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் எங்கள் ஆட்களுக்கு ஒரே தொலைவு என்பது ஒரு வேடிக்கை. ஆனால் 1,800 மைல் பறந்தால் 1,800 மைல் ஏறும் என்று இப்போது எதிர்பார்க்க முடியாது. மலிவான டிக்கெட்டுக்குப் பாதியோ அதற்கும் குறைவோ ஏறும். கூட்டமாக வாங்கிய குரூப் டிக்கெட் சிலவற்றுக்கு ஒன்றுமே ஏறாது. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் தூரக் கணக்கை விட்டுவிட்டு, செலவழித்த ரூபாய்க்கு இவ்வளவு பாயின்ட் என்று மாற்றிக்கொண்டது. மைல் என்ற சொல் மட்டும் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் பல வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அவர் கணக்கு ஸ்கைவார்ட்ஸில். கொழுந்தனார் சிங்கப்பூரில் இன்ஜினியர், மனைவி குழந்தையோடு இருக்கிறார். அவர்கள் கணக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்'. அதன் தம்பி நிறுவனமான ஸ்கூட்டில் பறந்தாலும் அதே கணக்கில் சேரும். என் அக்காவைப் புதுச்சேரியில், 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். அவள் கணக்கு ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்.மும் சேர்ந்து நடத்தும் 'ஃப்ளையிங் ப்ளூ'வில்.

மூன்று கணக்கும் சாகிற விதம் வேறு வேறு. ஸ்கைவார்ட்ஸைச் சொல்லிவிட்டேன். கிரிஸ்ஃப்ளையரிலும் ஆயுள் மூன்று வருடம்தான், ஆனால் பிறந்த மாதம் பார்ப்பதில்லை. எந்த மாதம் சேர்ந்ததோ அந்த மாதம் முடிகிற அன்று, மூன்று வருடம் கழித்து, போகும். நடுவில் நீங்கள் நூறு முறை பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. ஃப்ளையிங் ப்ளூவில் ஆயுள் 24 மாதம். குறைவுதான், ஆனால் அதற்குள் ஒருமுறை அவர்களோடு பறந்துவிட்டால் கையிலிருக்கிற மொத்த மைலுக்கும் இன்னொரு 24 மாதம் கிடைக்கும். அக்கா ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் பொங்கலுக்கு வருகிறவள். ஒரு பொங்கலைத் தவறவிட்டால் அத்தனை வருடச் சேமிப்பும் போய்விடும். கொழுந்தனாருக்கோ மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இருப்பு எவ்வளவு என்று கேட்பதைவிட எது எப்போது சாகிறது என்று கேட்பதுதான் முக்கியம். மூன்று திட்டம், குடும்பத்தில் எட்டுப் பேர், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தேதி. மனசில் வைத்துக்கொள்ள முடியுமா?

முதலில் ஒரு நீளமான நோட்டில்தான் எழுதினேன். எங்கள் ஊர் டிப்பர் டிரைவர்கள் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார்கள். குவாரி ஆபீசில் லோடு கணக்கு எழுதத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு நடையையும் டிரைவர் தன் நோட்டிலும் ஒரு கோடு போட்டு வைப்பார். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது அந்தக் கோடுதான் பேசும். விமானக் கம்பெனியின் கணினி குவாரி ஆபீஸ் மாதிரி. நம் கையில் ஒரு கோடு இருந்தால்தான் கேட்க முடியும்.

நோட்டிலிருந்து எக்செல் ஷீட்டுக்குப் போனேன். பிறகு, பாரிசில் படிக்கும் அக்கா மகன் 'அவார்ட்வாலட்' என்ற இணையக் கருவியைக் காட்டிக் கொடுத்தான். 2004-இல் அமெரிக்காவில் தொடங்கியது. விமானம், ஓட்டல், கார் வாடகை, வங்கி அட்டை என்று நூற்றுக்கணக்கான திட்டங்களின் கணக்குகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டும். சாதாரண உபயோகத்துக்குக் காசு இல்லை. கூடுதல் வசதிக்குக் கட்டணம். ஒரே ஆள் தன் பக்கத்திலேயே குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. மாமியாருக்குத் தனியாக மின்னஞ்சல் திறந்து பாஸ்வேர்டு மனப்பாடம் செய்ய வைக்கிற கஷ்டம் இதில் இல்லை.

வேலை செய்கிற விதம் எளிமையானது. உங்கள் உறுப்பினர் எண்ணையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், கருவி உங்கள் சார்பில் அந்தக் கம்பெனியின் கணக்குக்குள் போய் இருப்பைப் படித்துக்கொண்டு வரும். போன முறை பார்த்ததற்கும் இப்போதைக்கும் எவ்வளவு கூடியது, குறைந்தது என்று காட்டும். காலாவதித் தேதி நெருங்கினால் மின்னஞ்சலில் சொல்லும். அந்த ஒரு மின்னஞ்சலுக்காகத்தான் நான் இதை வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அலங்காரம்.

பாஸ்வேர்டைக் கொடுப்பதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாஸ்வேர்டைத் தங்கள் சர்வரில் வைக்காமல் நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் தேர்வும் அதில் இருக்கிறது. நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். பாஸ்வேர்டே கொடுக்காமல், இருப்பையும் தேதியையும் கையால் அடித்து வைக்கவும் முடியும். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை எந்தக் கருவிக்கும், எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க மாட்டேன். மைல் கணக்கின் பாஸ்வேர்டும் வங்கி பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கவே கூடாது. இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் இரண்டுக்கும் மகள் பெயரையும் 123-ஐயும்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்படி மூன்றாம் ஆள் உள்ளே வந்து பார்ப்பதை விமானக் கம்பெனிகள் எல்லாம் விரும்புவதில்லை. 2011-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதலான பெரிய அமெரிக்க நிறுவனங்கள் சில, எங்கள் கணக்குகளைத் தொடக்கூடாது என்று இந்த மாதிரிக் கருவிகளைத் தடுத்தன. பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. எனக்கென்னவோ, வாடிக்கையாளர் எல்லாக் கம்பெனிகளின் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே அவர்களுக்குச் சங்கடம் என்று படுகிறது. நம் பக்கத்துப் பிரச்சினை வேறு. லாகின் செய்யும்போது ஓடிபி கேட்கிறார்கள். ஓடிபி ஷார்ஜாவில் இருக்கிற என் தம்பியின் போனுக்குப் போகும். அவன் அப்போது யார் வீட்டு மொட்டை மாடியிலோ கம்ப்ரஸர் மாட்டிக்கொண்டிருப்பான். அந்தக் கணக்குகளை வெள்ளிக்கிழமை அவன் லீவில் இருக்கும்போது போனில் கேட்டு, கையால் அடித்துக்கொள்கிறேன். கருவி இருந்தாலும் நோட்டுப் பழக்கம் விடவில்லை.

இனி தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை: இனிஷியல். டிக்கெட்டில் உள்ள பெயரும் உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால்தான் மைல் ஏறும். நம் பழைய பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடுகிற மென்பொருளுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஏஜென்ட் அதே பெயரை முன்னும் பின்னும் இரண்டு முறை அடிப்பார். இன்னொருவர் முன்பெயர் தெரியாது என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்தைப் போடுவார். மூன்றாமவர் அப்பா பெயரைச் சேர்ப்பார். ஒரே ஆள், மூன்று டிக்கெட்டில் மூன்று பெயர். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னதும் பலர் அவசரமாக அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட்டை மாற்றினார்கள். பாஸ்போர்ட் மாறியது, மைல் கணக்கு பழைய பெயரிலேயே நின்றது. புதிய பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பி உறுப்பினர் கணக்கிலும் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும். புதுக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுவது இதைவிடச் சுலபம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதுதான் எல்லாத் திட்டத்திலும் விதி. இரண்டாவதைக் கண்டுபிடித்தால் இருப்பதையும் முடக்குவார்கள்.

மைல் ஏறாமல் போனால் பின்னால் கேட்டு வாங்க முடியும். எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டிலும் பறந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை நேரம் உண்டு. இணையத்தில் விடுபட்ட மைலுக்கு என்று தனிப் பக்கமே இருக்கிறது. கேட்பது மூன்றுதான்: விமான எண்ணும் தேதியும், பிறகு டிக்கெட் எண். டிக்கெட் எண் என்பது 13 இலக்கம். பி.என்.ஆர். என்கிற ஆறு எழுத்துக் குறியீட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் மூன்று இலக்கம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098. எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும் அந்த மூன்று இலக்கத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். போர்டிங் பாஸை மைல் ஏறும் வரை பத்திரமாக வைக்க வேண்டும். அது சூடு பட்டு எழுத்து விழுகிற தாள்; சட்டைப் பையில் வியர்வையில் நனைந்தால் ஒரு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். இறங்கியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்வேன். எனக்கு மட்டும். அதிலிருக்கிற கட்டம் கட்டமான பார்கோடில் பெயர், பயணக் குறியீடு, உறுப்பினர் எண் எல்லாம் இருக்கும். ஸ்டேட்டஸ் போட்டால் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் படித்துக்கொள்ளலாம். விமானத்தில் ஏறுகிற பெருமைக்கு ஜன்னல் படம் போதாதா?

கம்பெனியே செத்துவிட்டால்? இதை நாம் மூன்று விதமாகப் பார்த்துவிட்டோம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றபோது அதன் 'கிங் கிளப்' மைல்களால் பயணிக்கு ஒரு பயனும் இல்லாமல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. ஆனால் அதன் மைல் திட்டம் அதற்குள் தனிக் கம்பெனியாகியிருந்தது. அதில் பெரும்பங்கு அபுதாபியின் எதிஹாத்திடம் இருந்தது. அதனால் விமானம் போயும் மைல் பிழைத்தது; அதே வருடம் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. மூன்றாவது விஸ்தாரா. 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் பாயின்ட்டுகள் ஒன்றுக்கு ஒன்றாக ஏர் இந்தியாவின் 'மகாராஜா கிளப்'புக்கு மாறின. ஒரே மாதிரி மைல் வைத்திருந்த மூன்று பேருக்கு மூன்று கதி. எல்லாத் திட்டத்தின் விதிமுறையிலும் இந்தப் புள்ளிகள் உங்கள் சொத்தல்ல, நாங்கள் விரும்பினால் மாற்றுவோம், நிறுத்துவோம் என்று ஒரு வரி இருக்கும். அதனால் நான் யாரையும் பெருக்கி வைக்கச் சொல்வதில்லை. ஒரு டிக்கெட்டுக்குச் சேர்ந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

ரயிலுக்கும் லாரிக்கும் கூட இதே மாதிரி உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. பெயரில் ஸ்டேட் வங்கி தரும் கிரெடிட் கார்டில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய், டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல பாயின்ட்டெல்லாம் ஏசி வகுப்புக்குத்தான். ஸ்லீப்பரில் போகிற நமக்கு அதில் பெரிய பிரயோஜனம் இல்லை. லாரிக்காரர்களுக்கு டீசல் போடும் கார்டு இருக்கிறது: இந்தியன் ஆயிலில் 'எக்ஸ்ட்ராபவர்', இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் 'டிரைவ் டிராக் பிளஸ்', பாரத் பெட்ரோலியத்தில் 'ஸ்மார்ட்ஃப்ளீட்'. கடைசியாகச் சொன்னதில் சேரும் புள்ளிக்குப் 'பெட்ரோமைல்ஸ்' என்றே பெயர். ஆகாயத்தில் கால் வைக்காத டிப்பர் ஓனர்கள் எங்கள் ஊரில் மைல் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. பாயின்ட் என்ற சொல் ஊருக்குள் பரவியதும் திருடர்களுக்கும் அது பிடித்துப்போனது. ஸ்டேட் வங்கியின் பெயரில், உங்கள் ரிவார்டு பாயின்ட் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் இன்றோடு காலாவதியாகிறது, உடனே இந்த ஆப்பைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே ஏ.பி.கே. என்று முடிகிற ஒரு ஃபைல். அதைத் தொட்டால் போனில் வரும் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை அறியும் பிரிவு 2024-இல் இதைப் பற்றி எச்சரித்தது. வங்கி இப்படி லிங்க்கோ ஆப்போ அனுப்புவதே இல்லை.

தபால் ஆபீஸ் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் அதே மெசேஜைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். "இன்னிக்கு ராத்திரியோட போயிடுமாம்மா, சீக்கிரம் போட்டுக் குடு."

"அண்ணே, ஸ்டேட் பேங்க்ல ஒரு பாயின்ட்டு இருபத்தஞ்சு பைசா. ஒம்போதாயிரம் ரூபா வரணும்னா முப்பத்தாறாயிரம் பாயின்ட்டு வேணும். நீங்க கார்டுல இன்னா வாங்கினீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கார்டே பீரோலதாம்மா கெடக்குது."

அந்தக் கேள்வி ஒன்றே போதும். எந்தத் திட்டத்தில், எதை வாங்கி, எத்தனை சேர்ந்தது என்று சொல்ல முடிந்தவரை இந்த மெசேஜால் ஏமாற்ற முடியாது. பக்கத்தில் சொந்தக் கணக்கு இருந்தால், அதில் இல்லாத பாயின்ட் உலகத்தில் எங்கும் இல்லை என்று தைரியமாக அழித்துவிடலாம். ஏற்கெனவே காசு போயிருந்தால் நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அத்தனை வாய்ப்பு.

இவ்வளவு பாடும் பட்டு என்ன கிடைக்கும் என்றால், வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற ஒரு தொழிலாளிக்கு மூன்று வருடத்தில் ஒரு முழு டிக்கெட் சேர்வது கஷ்டம். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மனைவி, பிள்ளைகளையும் சேர்த்துக் குடும்பமாகப் பறப்பவர்களுக்குச் சேரும். எமிரேட்ஸில் குடும்பத்தார் மைல்களை ஒரே பானையில் போடும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கும் கணக்குத் திறக்கலாம். முழு டிக்கெட் வாங்குகிற குழந்தையின் மைலை ஏன் விட வேண்டும்? மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரியும் பிற கட்டணங்களும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இலவசம் என்று நினைத்துக்கொண்டு போனால் அந்தத் தொகையைப் பார்த்து முகம் சுருங்கும். மைலுக்கென்று ஒதுக்கும் சீட்டும் கொஞ்சம்தான். பள்ளி விடுமுறைக்கும் தீபாவளிக்கும் கிடைக்காது. ஆடி மாதமோ புரட்டாசியோ பார்த்தால் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு புரட்டாசியில்தான் மாமியார் சிங்கப்பூர் போனார். கொழுந்தனாரின் மைல் ஒரு பங்கு அடுத்தடுத்த மாதங்களில் சாகப் போகிறது என்று கருவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. கிரிஸ்ஃப்ளையரில் நம் மைலில் இன்னொருவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமானால் அவர் பெயரை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். ஐந்து பேர் வரை பதியலாம். அம்மா பெயரைப் பதிந்து, போக ஒரு டிக்கெட்டை மைலில் எடுத்தார். வரி மட்டும் கட்டினார்.

டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்து அத்தையிடம் கொடுத்தபோது இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காசு குடுக்காம ஏறினா நடுவுல எறக்கி வுட்டுட மாட்டானே?"

"கடல்ல எங்க அத்தே எறக்குவான்? உங்க புள்ள பறந்து சேத்ததுதான், சும்மா இல்ல."

"சரி, நான் இப்ப போறேனே, எனக்கு எவ்ளோ ஏறும்?"

அவருக்கும் ஒரு உறுப்பினர் எண் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் மைலில் எடுத்த டிக்கெட்டுக்கு மைல் ஏறாது. பெரும்பாலான திட்டங்களில் இதுதான் வழக்கம். சொன்னேன். சுண்ணாம்பை விரலில் எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"அப்போ திரும்பி வரதுக்குக் காசு கட்டியே போடச் சொல்லு. என் கணக்குலயும் எதுனா ஏறட்டும்."